அறுபத்தோராவது வட்டம்

"நுழைவுத் தேர்வு அன்னைக்கு நாலாம் நம்பர் ரூம்ல இருந்த சார் யாருங்க?"

ஆசிரியர் ஓய்வறை வாசலில் நின்று கேட்டாள் அந்தப் பெண். தையல் கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றவில்லை.

கெமிஸ்ட்ரி டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. ரிசல்ட் வந்த மூன்று நாளில் இப்படி வருகிற நாலாவது ஆள் இவள். கேள்வி எடுத்தது யாரோ, திருத்தினது மெஷின். பரீட்சை எழுத இடம் கொடுத்த பாவத்துக்கு இந்தப் பள்ளிக்கூடம் திட்டு வாங்க வேண்டியிருக்கிறது!

"நானும் இந்தக் கணக்கு சாரும்தான் இருந்தோம். என்ன விஷயம்?"

கணக்கு சார் நிமிர்ந்து பார்த்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஸ்கேல்'. இருபது வருஷ சர்வீஸில் ஒரு நாள் லேட்டாக வந்ததில்லை, ஒரு மார்க் கூட்டிப் போட்டதில்லை. அப்படியொரு நேர்கோடு.

வந்தவள் இரண்டு தாள்களை மேசையில் விரித்தாள். ஒன்று கேள்வித்தாள், இன்னொன்று விடைத்தாளின் பிரதி.

"என் பொண்ணு அறுபத்தொண்ணாவது கேள்வியை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டிருக்கா. ஆனா அறுபத்திரண்டோட விடையைக் கொண்டுபோய் அறுபத்தொண்ணாவது வட்டத்துல ஷேட் பண்ணிட்டா. அதுலேர்ந்து எல்லாமே ஒரு வரிசை மாறிப் போச்சு. கடைசி வட்டம் காலியா நின்னப்பதான் தெரிஞ்சிருக்கு. அதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. விடையெல்லாம் சரிங்க. வட்டம்தான் தப்பு."

"அதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்? மெஷினுக்கு மனசா இருக்கு, பரிதாபப்படறதுக்கு?"

"மார்க் கேட்டு வரலை டீச்சர். ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அறுபத்தாறு போட்டுட்டிருக்கும்போது சார் அவ பக்கத்துல வந்து நின்னாராம். கேள்வித்தாளைப் பார்த்தாராம், விடைத்தாளைப் பார்த்தாராம். ஒண்ணும் சொல்லாம நகர்ந்துட்டாராம். 'சாரே பார்த்துட்டுப் போறார், அப்போ சரியாத்தான் இருக்கு'ன்னு இவ மளமளன்னு எழுதியிருக்கா. அவங்கப்பா இதை நம்பவே மாட்டேங்கறார். 'கோட்டை விட்டது நீ, பழி வாத்தியார் தலையிலயா'ன்னு கையை ஓங்கிட்டார். மூணு நாளா புள்ள வாயைத் திறக்கலைங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது.

"நல்லா இருக்கே நியாயம்! சார் எதுக்கும்மா உங்க பொண்ணு தாளை..."

"பார்த்தேன்" என்றார் ஸ்கேல் சார்.

டீச்சர் பாதியில் நிறுத்தினாள்.

"பார்த்தேம்மா. அஞ்சாறு வட்டம் மாறியிருந்தது. ஆனா எழுதறவங்ககிட்ட நாங்க வாயைத் திறக்கக் கூடாது. அது விதி."

அவள் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"தெருவுல முன்னபின்ன தெரியாத ஆளு சட்டைப் பித்தானை மாத்திப் போட்டுட்டுப் போனாக்கூட, 'ஏங்க, பித்தான் மாறியிருக்கு'ன்னு சொல்லத் தோணும் சார். சரி, விடுங்க. பரீட்சை வேற, தெரு வேற. என் பொண்ணு பொய் சொல்லலை, எனக்கு அது போதும். அவங்கப்பாகிட்ட போய்ச் சொல்லிடறேன்."

தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு. பாவம் அந்தப் பொண்ணு. ஒரு வருஷப் படிப்பு, ஒரே ஒரு வட்டத்தில் போச்சு.

ஸ்கேல் சார் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க ஏன் சார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கறீங்க? விதின்னா விதிதான். ஒருத்தருக்குச் சொன்னா அப்புறம் எல்லாருக்கும்..."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு நாக்கு நின்றுவிட்டது.

போன வருஷம் இதே தேர்வில், இதே நாலாம் நம்பர் ரூமில் ஒரு ரெட்டை ஜடைப் பொண்ணு. அவளும் இதே மாதிரிதான் வரிசை மாறிப் போட்டுக்கொண்டிருந்தாள். இதே ஸ்கேல் சார் பக்கத்தில் போய் நின்று, பென்சில் முனையால் விடைத்தாளில் 'டொக், டொக்' என்று இரண்டு தட்டுத் தட்டினார். அந்தப் பொண்ணு பதறிப்போய்ப் பார்த்து, நெற்றியில் அடித்துக்கொண்டு, அடுத்த கேள்வியிலிருந்து சரியாகப் போட்டாள்.

'இது தப்பில்லையா சார்?' என்று டீச்சரே அன்றைக்குக் கேட்டாள். 'விடையைச் சொன்னாத்தான் தப்பு டீச்சர். வரிசையைக் காட்டறதுல என்ன தப்பு? அதுங்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை' என்று சிரித்தார் மனுஷன். அதை வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னதுகூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

"சார்... போன வருஷம் அந்த ரெட்டை ஜடைக்குத் தட்டிக் காட்டினீங்களே?"

அவர் முன்னால் இருந்த நோட்டை மூடினார், மறுபடி திறந்தார்.

"அதே ரூம், அதே தப்பு. விதியும் அதேதான். அன்னைக்குத் தட்டின கை இந்தத் தடவை ஏன் சார் எழுந்திருக்கலை?"

"எழுந்துச்சு டீச்சர்" என்றார். "பென்சிலைத் தூக்கிட்டேன். தாள்கிட்ட வரைக்கும் கொண்டுபோயிட்டேன். அப்புறம் அப்படியே சட்டைப் பையில சொருகிட்டு நகர்ந்துட்டேன்."

"அதான் ஏன் சார்?"

"போன வருஷம் என் பையன் இந்தப் பரீட்சையை எழுதலையே, டீச்சர்."