வாசலோரப் படுக்கை

“மேடம், நாளைக்கு நீங்க வரும்போது எங்க அத்தையும் வீட்ல இருக்கணுமா?”

போனில் எழிலரசி இப்படிக் கேட்டதுமே சிந்துஜாவுக்குச் சுருக்கென்றது.

“கண்டிப்பா இருக்கணும். வீட்ல இருக்கிற எல்லாரையும் நான் பார்க்கணும். இன்னொண்ணு, நான் வர்றேன்னு எதையும் ஒதுங்க வச்சிடாதீங்க. தினமும் எப்படிப் புழங்குறீங்களோ அப்படியே இருக்கட்டும். உங்களுக்கு என்ன வேணும், எது ஆகாதுன்னு மட்டும் யோசிச்சு வைங்க. அத்தையையும் யோசிக்கச் சொல்லுங்க.”

“அவுங்களுக்கு வேண்டியதையும் நானே சொல்லிடுறேனே மேடம்...”

“இல்லைங்க. அதை அவங்கதான் சொல்லணும்.”

கடலூரில் வீடுகளுக்கு இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறவள் சிந்துஜா. புதிதாக ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறாள் என்றால் முந்தின நாளே போன் போட்டு இதையெல்லாம் சொல்லிவிடுவாள். பாத்திரம் பண்டத்தை ஒளித்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். மாமியாரையே ஒளித்து வைக்கப் பார்த்தவள் இவள்தான்.

மறுநாள் சிதம்பரத்துக்குப் போனாள். எழிலரசியின் கணவன் சேரன் குவைத்தில் சம்பாதித்துக் கட்டிய புது வீடு. கூடம், சமையலறை, நல்ல காற்றோட்டமாக இரண்டு படுக்கையறை.

ஆனால் வாசற்கதவை ஒட்டி, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது.

“இங்க யாரு படுக்கிறாங்க?”

“அத்தை.”

“உள்ள ரெண்டு ரூம் இருக்கே?”

“அதெல்லாம் அவுங்களுக்கு ஒத்து வராது மேடம்.” எழிலரசி பின்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “இங்கியே ஒரு கட்டில் மாதிரி போட்டுக் குடுத்துடுங்க. இதப்பத்தி மட்டும் அவுங்ககிட்ட எதுவும் கேக்காதீங்க, ப்ளீஸ்.”

சிந்துஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகன் கட்டின வீட்டில் பெற்றவளுக்குச் செருப்போடு செருப்பாகவா இடம்? இந்த வேலையே வேண்டாம் என்று எழுந்து போய்விடலாமா?

எழிலரசி காபி கலக்கப் போன நேரம் பார்த்துப் பின்கட்டுக்குப் போனாள். மாமியார் மாரியம்மாள் அங்கே நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, பயப்படாம சொல்லுங்க. இந்த வீட்ல உங்களுக்கு என்ன வேணும்?”

மாரியம்மாள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “அவ வர்றாளா பாரு கண்ணு. அவ காதுல விழக் கூடாது.”

“விழாதும்மா. சொல்லுங்க.”

“எங்களுக்குக் கடலோரம், தேவனாம்பட்டினம். சுனாமி வந்த அன்னிக்கு எங்க ஊட்டுக்காரரு ரூம்புக்குள்ள படுத்திருந்தாரு. தண்ணி வந்து கதவு அடைச்சிக்கிச்சி. நான் வெளிய நின்னு எவ்ளோ இழுத்தும் தொறக்கல.” கையில் இருந்த மீனைத் தட்டில் வைத்தாள். “அதுலேருந்து நாலு செவுத்துக்குள்ள என்னால கண்ண மூட முடியல. வாசக்கதவு ஓரம் படுத்தாதான் தூக்கம் வருது. அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு ஒடம்பு நடுங்கும். அதான், எம் மருமவ என்கிட்ட யாரையும் இதக் கேக்க உடமாட்டா.”

சிந்துஜா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “சரிம்மா. வாசல்கிட்டயே உங்களுக்கு நல்லதா ஒரு கட்டில் செஞ்சிடலாம்.”

“எனக்கு எதுக்குக் கண்ணு? கட்டில எம் மருமவளுக்குப் போடு. கேட்டா வேணாம்பா, நீயா போட்டுடு. ராத்திரி நான் பதறி எழுந்துப்பேன்னு, பாயை எனக்கு உட்டுட்டு, என் கையப் புடிச்சிக்கிட்டு, இந்த ஊட்டுக்கு வந்த அன்னிலேருந்து வெறுந்தரையிலதான் படுக்குறா.”