மூன்றாம் நாடு

"ராணுவ ஆட்சியிலிருந்து ஜனநாயகத்துக்கு மாறும் நாடு, பேச்சு முறிந்த அண்டை நாட்டோடு மூன்றாம் நாடு ஒன்றின் மூலம் பேசுவதே நல்லது."

ஆய்வேட்டின் கடைசி வரியை முடித்தான் ராஜபாளையம் லிங்கேஸ்வரன். இதை எழுதுவதற்காக வத்திராயிருப்பில் மச்சானின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குப் போகவில்லை. அன்றிலிருந்து மனைவி பாண்டீஸ்வரி அவனோடு பேசுவதில்லை.

"ஏலே துரை, எனக்குப் பசிக்குதுன்னு அவகிட்டச் சொல்லு."

"அம்புட்டு நாட்டையும் சேத்து வைக்கிற அவியள, மொதல்ல எங்கண்ணனுக்கு ஒரு போன் போடச் சொல்லு, துரை."

"போட்டுட்டேன்னு சொல்லுலே. ஞாயித்துக்கெழம குடும்பத்தோட வாரோம்னு சொல்லிட்டேன்."

அடுக்களையில் தட்டுச் சத்தம் கேட்டது. லிங்கேஸ்வரன் கை கழுவி வந்து உட்கார்ந்தான். பாண்டீஸ்வரி அவனைத் தாண்டிப் போய்த் தட்டை வைத்தாள்.

"சமாதானம் பேசுன பிள்ளை மொதல்ல சாப்பிடட்டும்."

மூன்றாம் நாடு வாலை ஆட்டிக்கொண்டே எலும்பைக் கவ்வியது.