தொட்டித் தண்ணீரோடு பேசிய மைனா

கப்பலேறி அயல்நாடு போன மைனாத் தம்பதி வீரணனும் செவந்தியும். செவந்திக்கு நகரத்து ரயில் நிலையக் கூரை பிடித்துப்போனது. முன்பே வந்த சொந்த ஊர் மைனாக்கள் அங்கே இருந்தன. வீரணனோ, "இந்தச் சத்தம் எனக்கு ஆகாது. நாட்டுப்புறம் போகலாம், புழுவுக்குப் பஞ்சமில்லை" என்றான்.

போனார்கள். ஆப்பிள் மரத்தில் நல்ல பொந்து கிடைத்தது, வயிறும் நிறைந்தது. ஆனால் அங்குள்ள பறவைகளின் பேச்சு செவந்திக்குப் புரியவில்லை. வீரணன் கேட்டால், "எனக்கென்ன குறை?" என்பாள்.

ஒருநாள் அவன் சீக்கிரமே திரும்பினான். மாட்டுத் தொட்டியின் விளிம்பில் நின்று, தண்ணீரில் தெரிந்த தன் முகத்தோடு அவள் பேசிக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டியாடி? ஏன் வாடிப்போயிருக்கே?"

வீரணன் மெல்ல அருகில் போய் உட்கார்ந்தான். "கிளம்பு செவந்தி, ரயில் நிலையத்துக்கே போயிடலாம்."

"உங்களுக்கு ஆகாதே!"

"பழகிக்கிறேன்."

மறுநாள் மாலை இருபது மைனாக்களின் நடுவே செவந்தி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். கூரை அதிர ஒரு ரயில் போனது. வீரணன் உடம்பை ஒடுக்கிக்கொண்டதைப் பார்த்ததும் அவள் பேச்சை நிறுத்தினாள். "ரொம்பக் கஷ்டமா இருக்குங்களா?"

அவன் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தான்.

"நீ பேசு. எனக்கு நல்லாக் கேட்குது."