வயது இருபத்தைந்துக்கு மேற்படலாகாது

"செல்வரட்ணம்" என்று தடுமாறாமல் சொன்னான் மார்க்கண்டு.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த முதலியார் தலையை ஆட்டிவிட்டுத் தாளில் ஒரு கோடு போட்டார். பட்டினத்துக் கந்தோரில் ஒரு கிளாக்கர் வேலை. அதற்கான நேர்முகப் பரீட்சை.

கடினமான கேள்வி தாண்டியாயிற்று. இனி எட்டாம் எட்வேட் வரைக்குமான மன்னர் வரிசையோ, சாம்ராச்சியத்துத் துறைமுகங்களோ அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏழு வருசமாக அவன் வேறு என்னதான் செய்தான்?

ஏழு வருசத்தில் பதினொரு கந்தோர்களுக்கு எழுதினான். பதினொன்றிலிருந்தும் அச்சடித்த மறுப்புத் தாள் வந்தது. 'வருந்துகிறோம்' என்பதும் அச்சில்தான் இருந்தது. அவன் பெயரை மட்டும் யாரோ மையால் எழுதியிருந்தார்கள்.

இப்படியே இருபத்தெட்டு வயதாகிவிட்டது. விளம்பரமோ இருபத்தைந்துக்கு மேற்படலாகாது என்றது. பெயர் என்னவோ மார்க்கண்டுதான், என்றும் பதினாறு. ஆனால் கந்தோர்க்காரர் அந்தப் புராணத்தை ஒப்புக்கொள்வதாயில்லை.

தங்கை இராசமலருக்கு வந்த சம்பந்தங்களும், தமையனுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டுவிட்டு வாசல் படலையோடு திரும்பிப் போயின.

அப்போதுதான் தாய் அருமைநாயகி பெட்டகத்தின் அடியிலிருந்து ஒரு பிறப்புப் பத்திரத்தை எடுத்தாள்.

அது அவளுடைய இரண்டாவது பிள்ளை செல்வரட்ணத்தினுடையது. மார்க்கண்டுவுக்கு நாலு வயது இளையவன். மூன்று வயதில் நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டான். பிறப்பை ஓடிப்போய்ப் பதிந்த தகப்பனுக்குச் சாவைப் பதிய மனம் வரவில்லை. ஆகவே சர்க்காரைப் பொறுத்தவரை பிள்ளை சுகமாகவே இருந்தான். வயதும் இருபத்துநாலு, உத்தியோகத்துக்கு ஏற்ற பருவம்.

பள்ளிக்கூடச் சான்றிதழில் மார்க்கண்டு என்றல்லவா இருக்கிறது? அது வீட்டுப் பெயர், பதிவுப் பெயர் செல்வரட்ணம் என்று ஊர்த் தலைமைக்காரரான விதானையார் ஒரு கடிதம் கொடுத்தார். இரண்டு பெயர் இல்லாத ஆள் யாழ்ப்பாணத்தில் யார்? ஒரு குலை கதலிப்பழமும் வீடு தேடி வந்ததால் அவர் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

பிடிபட்டால் மறியல், கம்பி எண்ண வேண்டியதுதான். பிடிபடாவிட்டால் பென்சன் எடுக்கும் வரைக்கும் செல்வரட்ணம்.

பிறகு பத்து நாள் பயிற்சி நடந்தது. அருமைநாயகிக்குத் தெரிந்த இங்கிலீசு ஒரே ஒரு வசனம். அடுப்படியில் இருந்தபடி "வாட்டிஸ் யுவர் நேம்?" என்பாள். முதல் நாள் அவன் அந்தப் பெயரைச் சொன்னதும் அவள் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"இன்னொருக்காச் சொல்லு, ராசா" என்றாள்.

பெயர் அவன் நாக்கில் நன்றாகப் படிந்த பிறகும் அவள் விடவில்லை. காலையில் கேட்டாள், சோறு போடும்போது கேட்டாள், விளக்கு வைக்கும்போதும் கேட்டாள். அவனும் அலுக்காமல் சொன்னான். ஏன் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

முதலியார் கேட்டதற்கெல்லாம் மடமடவென்று பதில் வந்தது. அவருக்கும் திருப்திதான். தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, இங்கிலீசை விட்டுத் தமிழில், சும்மா ஊர்க்கதை கேட்பதுபோலக் கேட்டார்.

"உமக்குச் சகோதரங்கள் எத்தினை பேர்?"

இது பயிற்சியில் வராத கேள்வி.

"ஒரு தங்கச்சி, ஐயா. ஒரு அண்ணை இருந்தவர். செத்துப்போனார்."

"அட கடவுளே! அவர் என்ன செய்துகொண்டிருந்தவர்?"

"வேலை தேடிக்கொண்டிருந்தவர்."

முதலியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் வளர்ந்த பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும், கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு, திங்கட்கிழமை வந்து வேலையைப் பாரமெடுக்கும்படி சொன்னார்.

"செத்துப்போன கொண்ணையை நினைக்கச் சரியான கவலையாக் கிடக்குது, தம்பி" என்றார்.

மார்க்கண்டு தலையைக் குனிந்துகொண்டான். ஏழு வருசத்தில் ஓர் உத்தியோகத்தர் அவனுக்காக அச்சில் இல்லாமல் வாயால் வருந்தியது அதுவே முதல் தடவை.