சேவியர் முதலில்

சேவியரின் விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடியும் சாய்ந்தது.

கூடப் பறந்துவந்த அவன் தன் ஜெட்டை அதன் அருகே கொண்டுபோனான். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு அருகே.

சேவியரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடிக் கூரையில் பாதியைக் காணோம். முகத்தில் பாதி ரத்தம்.

கீழே வங்கக் கடல். பின்னால் எதிரியின் ஓடுதளம் புகைந்துகொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து உடைத்த ஓடுதளம். முதல் சுற்றிலேயே வேலை முடிந்துவிட்டது. எண்ணெய்க் கிடங்கை விட்டுவைப்பானேன் என்று இன்னொரு முறை தாழப் பறந்தார்கள். கிடங்கு எரிந்தது. தரையிலிருந்து சுட்டவன் சேவியரைப் பிடித்துவிட்டான்.

முன்னால், தொலைவில், அவர்களுடைய கப்பல். மேலிருந்து பார்த்தால் தண்ணீரில் மிதக்கும் தீப்பெட்டி.

அதன்மேல்தான் இறங்க வேண்டும். தளத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய இரும்பு வடங்களில் ஒன்றை விமானத்தின் வால்கொக்கி கவ்வ வேண்டும். தவறினால் கடல். இரண்டு கண்ணும் தெளிவாக இருப்பவனுக்கே குலை நடுங்குகிற வேலை.

ரேடியோவில் கப்பலின் கேப்டன் திவான் பேசினார். அவனை முதலில் இறங்கச் சொன்னார். சேவியர் தளத்தில் மோதிக் கிடந்தால் அவனுக்கு இறங்க இடமிருக்காது. சுற்றிச் சுற்றி வர எரிபொருளும் இல்லை.

நியாயமான கட்டளை. அவர் இடத்தில் இருந்தால் அவனும் அதையேதான் சொல்லியிருப்பான்.

சேவியரின் தலை மெல்லக் கவிழ்ந்தது.

காத்திருக்கச் சொன்னால் தாங்கமாட்டான்.

சேவியர் முதலில், என்று அவன் ஆங்கிலத்தில் ஒரே வரியில் பதில் சொன்னான். பிறகு தமிழுக்கு மாறினான்.

"சேவியரு, தூங்கிராதடா."

தலை அசையவில்லை.

திரும்பச் சொன்னான். திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு, குளச்சல்காரனை உசுப்ப வேறு வழி தெரியாமல், குளச்சல் மீன் குழம்பை இழுத்தான். தேங்காயை அரைத்துக் கொட்டி மீனை இரண்டாம் தடவை சாகடிக்கிற ஊர் என்றான். அதைத் தன் ஊரான தொண்டியில் பூனைகூட முகராது என்றான்.

வெகுநேரம் இரைச்சல் மட்டும்.

"லேய்… எங்க ஊரு மீனப் பத்தி… பேசப்பிடாது."

 அவன் விடவில்லை. மேலும் திட்டினான். திட்டுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் சொன்னான். சக்கரத்தை இறக்கு. கொக்கியை இறக்கு. மூக்கைக் கொஞ்சம் தூக்கு. வலப்பக்கம் வா, இன்னும் வா.

சேவியர் செய்தான். கண் தெரியாதவன் குரலைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல.

கப்பல் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவனுக்கு வியப்பாக இருந்தது.

இரண்டு விமானமும் ஒட்டியபடியே தாழ்ந்தன. தீப்பெட்டி பெரிதானது. தளமானது. தளத்தில் மனிதர்கள் தெரிந்தார்கள்.

இப்போது, என்றான்.

சேவியர் இறங்கினான். கொக்கி முதல் வடத்தைத் தவறவிட்டது. அடுத்ததையும் தவறவிட்டது. கடைசி வடத்தைக் கவ்வியது. விமானம் துள்ளியது. மூக்கு உடைந்து, தீப்பொறி பறக்க இழுபட்டு, தளத்தின் நடுவில் குறுக்கே நின்றது.

அவனுக்கு இனி இடமில்லை.

தளத்தை ஒட்டிப் பறந்து மேலேறினான். திரும்பிப் பார்த்தான். சேவியரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தொங்கிய கை ஒன்று மெல்ல மடங்கியது.

உயிர் இருக்கிறது.

இயந்திரம் இருமியது. நின்றது. காற்றின் சத்தம் மட்டும் மிஞ்சியது. கப்பலை விட்டு விலக்கி, வெறும் தண்ணீர்ப் பக்கம் விமானத்தைத் திருப்பிவிட்டு, இருக்கையோடு வெளியே பாய்ந்தான்.

கடற்படை அவனுக்கு வீரப் பதக்கம் கொடுத்தது. டில்லியில் வாசித்த பாராட்டுரையில் ஓடுதளம் இருந்தது, எண்ணெய்க் கிடங்கு இருந்தது. தனக்கு வந்த கட்டளையை ஏற்காமல் தோழனை முதலில் இறக்கினார் என்பதும் ஒளிவில்லாமல் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் கேப்டன் திவான். வாசிக்கும்போது அவன் தலை குனியவில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால்.

அன்று மாலை அவன் கப்பலின் மருத்துவ அறையில் அசையாமல் கிடந்தான். ஹெலிகாப்டர் அவனைக் கடலிலிருந்து தூக்கி வந்திருந்தது. மூச்சு விட்டாலே முதுகு பிளந்தது. முனகலுக்கு மேல் குரல் எழும்பவில்லை. பக்கத்தில் ஒரு திரை. திரைக்கு அந்தப்புறம் சேவியர். ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு கூப்பிட்டும் சேவியர் கண் திறக்கவில்லை என்று டாக்டர் யாரிடமோ சொன்னது கேட்டது.

கேப்டன் திவான் வந்தார். அவன் எழ முயன்றான். தோளில் கை வைத்து அழுத்தினார்.

ரேடியோ பழுதாகியிருக்கும், என் கட்டளை உனக்குக் கேட்டிருக்காது, இல்லையா என்றார்.

தப்பிக்க ஒரு வாசலைத் திறந்து வைத்துக் கேட்கிறார் என்பது அவனுக்குப் புரிந்தது.

நன்றாகக் கேட்டது, சார், என்றான்.

அவர் அவனையே பார்த்தார். 

பிறகு, முதலில் நீ திரும்பத் திரும்பச் சொன்னாயே, அது என்ன சொல் என்று கேட்டார்.

அவன் சொன்னான். பொருளையும் சொன்னான்.

கேப்டன் உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையை விலக்கி, அந்தப்புறம் போனார்.

நாற்காலி இழுபடும் சத்தம்.

"ஸேவியர். தூங்கி ராட்டா."



மறுபடியும் சொன்னார். இன்னும் மோசமாக.

அப்புறம் ஒரு சிரிப்பு. மெலிந்து, பாதி இருமலாக.

கேப்டன் திவான் சிரித்து அந்தக் கப்பலில் யாரும் கேட்டதில்லை. சிரித்தது சேவியர்.