நான்கு வெள்ளை மாத்திரைகள்

ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் மூங்கில் தட்டி வழியாக வெயில் கோடு கோடாகத் தரையில் விழுகிறது. அப்பா காலை ஷிப்டுக்குச் சுரங்கத்தில் இறங்கிவிட்டார். அம்மா இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்ட நான் வீட்டில் தனியாக இருக்கிறேன். வாசலில் சைக்கிள் நிற்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் மலேரியாக்காரர் ஏகாம்பரம், சுவரில் அச்சடித்த கட்டத்தில் தேதி எழுதிக்கொண்டே, "வீட்ல யாருக்குனா காய்ச்சலா?" என்கிறார். எப்போதும் இல்லையென்று தலையாட்டுவேன், அவரும் போய்விடுவார். இன்று, "எனக்கு" என்கிறேன். உடம்பு சில்லென்றுதான் இருக்கிறது. "அட, பேசுவியா நீ! ரெண்டு வருசமா ஊமைன்னு இல்ல நெனச்சுக்கினு இருந்தேன்." சிரித்தபடி என் விரல் நுனியில் ஊசியால் குத்துகிறார். கண்ணாடித் துண்டில் ரத்தம் சின்னப் பொட்டாக நிற்கிறது. அது காயும்வரை அவர் நிற்கவேண்டும். இரண்டு பேரும் அதையே பார்க்கிறோம். பேர் கேட்கிறார். "தெய்வானை." எழுதிக்கொள்கிறார். லைன் முழுக்க எடுத்த கண்ணாடிகளோடு அதையும் பெட்டியில் அடுக்கிவிட்டு, நான்கு வெள்ளை மாத்திரைகளை நீட்டுகிறார். "என் கண்ணெதிர்ல முழுங்கணும், அதான் ரூல்." விழுங்குகிறேன். கசப்பு தொண்டையிலேயே நிற்கிறது. "மறுபடி எப்ப வருவீங்க?" "ரத்தத்துல கிருமி இருந்தா ஒரு வாரத்துல ஓடி வருவேன். அதுக்குள்ள வரலன்னா நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம்மா." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகர்கிறார். அடுத்த வீட்டில் அதே கேள்வியை அவர் கேட்பது தட்டி வழியாகக் கேட்கிறது. நான் வாசலிலேயே நிற்கிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.