ஜலதோஷம்

"உடம்பெல்லாம் நடுங்குது, ரோவீனா. இருமலும் நிக்கல."

ஆபீஸில் போனைக் காதில் வைத்திருந்த ரோவீனா சிரித்தாள். "ஆம்பளைங்களுக்கு மூக்கு ஒழுகினாப் போதும், உயில் எழுத உக்காந்துடுவீங்க."

"வாயெல்லாம் இரும்பைச் சப்பின மாதிரி இருக்கு" என்றான் புருஷன் க்ளென்.

"மெல்போர்ன் குளிர்னா சும்மாவா? ஜன்னலை எல்லாம் சாத்திட்டு அடுப்படியிலயே இரு. நல்லா ஆவி பிடி."

"அதுக்கென்ன, பானைதான் கொதிச்சுக்கிட்டே இருக்கே."

"மீன் தொட்டிப் பக்கம் போகாதே. நல்ல பவளத்தையெல்லாம் மூடிக்கிட்டுப் பரவுதே, அந்தப் பழுப்புப் பவளச் சனியன், அதை நானே வந்து ஒழிக்கிறேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம்? பாறையோட தூக்கிப் பானையில போட்டுட்டேன். அதுதான் வெந்துக்கிட்டு இருக்கு."

ரோவீனா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் அதைப் பற்றிக் கேட்ட அன்றைக்கே தொட்டிக் கடைக்காரர் எச்சரித்திருந்தார்: 'அது விஷம், கையுறை போட்டுத்தான் தொடணும். கொதிக்க மட்டும் வெச்சிடாதீங்க, அதோட ஆவியே ஆளைக் கொன்னுடும்.' வீட்டில் அதைச் சொல்ல அவள் மறந்துபோயிருந்தாள்.

"க்ளென்! கதவைத் திற! வெளியே ஓடு!"

தொப்பென்று ஏதோ விழுந்தது. அப்புறம் போனில் பானை கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.